பதினான்காம் வயதுத் தொப்பி

சிறுவர்களுக்கென எழுதப்பட்ட கதையொன்றை, முப்பது வயதைக் கடந்துவிட்ட நாம், கணக்கேடுகளை மூடி வைத்துவிட்டு நான்கு இரவுகள் கண்விழித்துப் படித்தோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை; தொடங்கும்போது நாமும் நகைத்தோம். படித்து முடித்த பின்னரோ நமக்கு நகை வரவில்லை. நம்மைப் பற்றியே ஓர் ஐயம் வந்தது. அவ்வையத்தை மறைக்காது எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற பள்ளி விடுமுறையில் நம் தமையனார் மகன் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வந்திருந்தான். வயது பதின்மூன்று. பையில் துணிமணிகளைவிடப் புத்தகங்கள் மிகுதி. அவற்றுள் மூன்று, ஜான் கிறிஸ்டோபர் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய தொடர்கதை. ஜான் கிறிஸ்டோபர் என்பது புனைபெயர். சாமுவேல் யூட் என்பது இயற்பெயர். 1922 ஆம் ஆண்டில் பிறந்து 2012 இல் மறைந்த ஆங்கிலேயர். ‘வெள்ளை மலைகள்’, ‘பொன்னும் ஈயமுமான நகரம்’ என்னும் முதலிரு நூல்களும் 1967 ஆம் ஆண்டிலும், ‘நெருப்புக் குளம்’ என்னும் மூன்றாவது 1968 இலும் வெளிவந்தன. “சித்தப்பா, இதைப் படித்துப் பாருங்கள். படித்துவிட்டு எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்” என்று முதல் நூலை நம் கையில் வைத்தான் சிறுவன்.

கதை நிகழ்வது வருங்காலத்தில். இங்கிலாந்தில் வேர்ட்டன் என்னும் சிற்றூர். அங்கே மின்சாரம் இல்லை. எந்திர வண்டி இல்லை. ஏரும் குதிரையும் உண்டு. வில் பார்க்கர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் தந்தை மாவாலை நடத்துகிறார். அவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. அது பண்டை மக்கள் செய்தது. அதுபோல் இன்னொன்று செய்ய அவ்வூரில் எவருக்கும் தெரியாது. எப்படிச் செய்தார்கள் என்று கேட்கவும் எவருக்கும் தோன்றாது. கேட்கத் தோன்றாமைக்குக் காரணம் முக்காலிகள்.

முக்காலி என்றவுடன் நம் வீட்டு அடுப்பங்கரையில் அமர்வதற்கு இட்டிருக்கும் பலகையை நினைக்க வேண்டா. மரங்களுக்கு மேலாக உயர்ந்த மூன்று உலோகக் கால்கள். அவற்றின்மேல் ஓர் அரைக்கோளம். அதிலிருந்து யானைத் துதிக்கைபோல் நீண்டு வளையும் உலோகக் கைகள். உலகை ஆள்பவை இவைதாம். பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதானதும் ஊரில் தொப்பியணி விழா நடக்கும். முக்காலி வந்து நிற்கும். பிள்ளையைத் தன் கையால் எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் இறக்கிவிடும். இறங்கிய பிள்ளையின் மழித்த தலையில் வெள்ளிவலை போன்ற உலோகத் தொப்பியொன்று தோலோடு தோலாகப் பதிந்திருக்கும். அதன்பின் அது கழலாது. ஊரார் விருந்துண்பர், பெற்றோர் மகிழ்ந்து கண்கலங்குவர், பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்று அனைவரும் வாழ்த்துவர்.

வில்லுக்கு ஜாக் என்றொரு உறவினன், அவனைவிட மூத்தவன். விழாவுக்கு முன் இருவரும் தனித்திருந்து, தொப்பி எதற்கு, முக்காலிகள் யார், பண்டை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றெல்லாம் பேசியவர்கள். தொப்பி ஏறிய பின் ஜாக்கை வில் தேடிப் போகிறான். ஜாக் அன்போடுதான் பேசுகிறான். வருத்தம் இல்லை, வலி இல்லை. முன்பு கேட்ட கேள்விகள் மட்டும் அவனிடம் இல்லை. அவை அவனுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகின்றன. நண்பன் எதிரே நிற்கிறான். நண்பனை இழந்துவிட்டோம் என்பதை வில் உணர்கிறான். இவ்விடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தோம்.

விண்ணிலிருந்து பகைவர் படையெடுக்கும் கதை உலகுக்குப் புதிதன்று. எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘உலகங்களின் போர்’ 1898 இலேயே நூலாயிற்று. செவ்வாய்க் கோளத்தார் மூன்று கால் எந்திரங்களில் ஏறி வந்து இங்கிலாந்தை எரிப்பது அக்கதை. ஐரோப்பியர் டாஸ்மேனியத் தீவின் மக்களை அழித்த கொடுமையை வெல்ஸ் தம் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்காட்டி, பிறருக்குச் செய்தது தமக்கு வரும்போது முறையிட நமக்கு உரிமை ஏது என்னும் கேள்வியைத் தம் நாட்டாரிடம் வைத்தார். அது பெருந்துணிவு. ஆயினும் அக்கதையில் மனிதரைக் காப்பாற்றுவது மனித முயற்சியன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் பகைவர் மாள்கின்றனர். கிறிஸ்டோபர் கதையில் அத்தகைய உதவி வாராது. வெல்ஸின் பகைவர் ஊரை எரித்தனர். எரிந்த ஊரில் எஞ்சியவனுக்குப் பகைவன் யாரென்று தெரியும். இவரது பகைவரோ ஊரை அப்படியே விட்டுவிட்டு, ஊரார் தலைக்குள் குடிபுகுந்தனர். எவருக்கும் பகைவன் இருப்பதே தெரியாது. இதுவே இத்தொடரின் புதுமை.

சீர்திருத்தக் கொள்கையில் பிடிப்புள்ள நமக்கு இத்தகைய கதை கிடைத்தால் கேட்கவும் வேண்டுமோ? நம் தமையனார் வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிறுவன் குழந்தையாயிருக்கையில் கடுங்காய்ச்சல் கண்டபோது, நம் தாயார், பிள்ளை பிழைத்தால் பதினான்காம் வயதில் தலைமுடியிறக்கிக் காவடி எடுப்பிப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டார். வரும் தைப்பூசத்தில் அவனுக்கு வயது பதினான்கு. பிழைப்பித்தது மருத்துவமனையும் மருந்தும் என்பது நம் வாதம். பெற்றவள் வாக்கு என்பது தமையனார் வாதம். இந்நிலையில் கையில் வந்து விழுந்தது இப்புத்தகம். மழித்த தலை, பதினான்கு வயது, விருந்து, பெற்றோர் கண்ணீர் எல்லாம் எழுதியவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதியதுபோல் பொருந்தின. “பார்த்தாயா தம்பி! இது வேறெங்கோ நடப்பதன்று. மூடநம்பிக்கை என்னும் தொப்பியை நம் இனத்தார் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்கு அணிவித்து வருகிறார்கள்” என்று முதல் இரவே நாம் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினோம். சிறுவன் பொறுமையாகக் கேட்டான். “மற்ற இரண்டையும் படியுங்கள், சித்தப்பா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

படித்தோம்.

தொப்பி எல்லார்க்கும் சரியாகப் படிவதில்லை. சிலருக்கு மூளை குழம்பிவிடும். அவர்கள் ஊர் ஊராய்த் திரிவர். ஓசிமாண்டியாஸ் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அத்தகைய திரிவோன் ஒருவன் வேர்ட்டனுக்கு வருகிறான். அவன் உண்மையில் குழம்பியவன் அல்லன். தலையிலுள்ளது போலித் தொப்பி. தெற்கே, பனிமூடிய வெள்ளை மலைகளில், தொப்பியணியாத மனிதர் சிலர் ஒளிந்து வாழ்கின்றனர் என்பதை வில்லுக்கு அவன் சொல்கிறான். வில் புறப்படுகிறான். அவனுக்குப் பிடிக்காத உறவினன் ஹென்றியும் உடன் ஒட்டிக்கொள்கிறான். கடல் கடந்து பிரான்ஸ் சேர்ந்ததும் ழான்-போல் என்னும் மூன்றாமவன் கூடுகிறான். ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருப்பதால் ‘அவரைக்கொடிக் கம்பு’ என்னும் பொருள்பட அவனுக்குப் பட்டப்பெயர்.

அவனை நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கண்ணாடிச் சில்லுகளைச் சேர்த்துத் தானே மூக்குக்கண்ணாடி செய்துகொண்டவன் அவன். கொதிக்கும் கெண்டியின் ஆவியைக் கண்டால், இவ்வாற்றலைக் கொண்டு வண்டியை இழுக்கலாகாதா என்று எண்ணுபவன். சூடேறிய காற்று மேலெழும்புவதைக் கண்டால், இதில் மனிதன் ஏறிப் போகலாகாதா என்று கேட்பவன். கையில் வாளில்லை, வாயில் வீரப்பேச்சில்லை, கேள்வி ஒன்றே அவன் ஆயுதம். கதை முடியுமுன் அக்கேள்விகளே உலகைக் காக்கின்றன.

வழியில் வில் நோயுற்று, சிவந்த கோபுரம் என்னும் பெயருடைய கோட்டையொன்றில் தங்க நேர்கிறது. அக்கோட்டைப் பிரபுவும் அவர் மனைவியும் அவனைத் தம் பிள்ளைபோல் பேணுகின்றனர். அவர் மகள் எலுவாஸ் அன்பே உருவானவள். எப்போதும் தலைப்பாகை அணிந்திருப்பாள். விளையாட்டாக ஒரு நாள் வில் அதை இழுத்துவிடுகிறான். உள்ளே தொப்பி. அவள் வெட்கினாளேயன்றி வருந்தவில்லை. அவளும் அவள் பெற்றோரும் தொப்பியணிந்தவர்களே. இருந்தும் அவர்கள் அன்பு பொய்யன்று. வில் தடுமாறுகிறான். மலைக்குப் போனால் குளிரும் பசியும். இங்கே தங்கினால் குதிரை, நல்ல உணவு, தாய்போன்ற பெண்மணி. இதற்குத் தரவேண்டிய விலை ஒரு தொப்பி மட்டுமே. தங்கிவிடலாம் என்றே அவன் மனம் சாய்கிறது. விளையாட்டு விழாவில் எலுவாஸ் அழகரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, முக்காலிகளுக்குப் பணிபுரிய அவற்றின் நகரத்துக்கு மகிழ்ச்சியோடு புறப்பட்ட பிறகே அவன் கண் திறக்கிறது.

இவ்விடத்தில்தான் நம் ஐயம் முளைத்தது. கொடியவர் கட்டிப்போட்டால் அறுத்துக்கொண்டு ஓடலாம். நல்லவர் அன்போடு இட்ட சோற்றை விட்டு எப்படி ஓடுவது? வில்லைத் தடுத்து நிறுத்தியது அச்சமன்று, சுகம். நமக்கும் ஒரு சிவந்த கோபுரம் உண்டு என்பது அன்றிரவு நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நூலில் வில்லும், பிரிட்ஸ் என்னும் ஜெர்மானியச் சிறுவனும் போலித் தொப்பியோடு பகைவர் நகரத்துக்குள் அடிமைகளாக நுழைகின்றனர். பொன்மதிற் சூழ்ந்த நகரம் அது. உள்ளே நுழைந்தவுடன் உடல் ஈயம்போல் கனக்கிறது. அவ்வளவு வலுவாக நிலம் இழுக்கிறது. வெப்பம் தாங்காது. காற்று பச்சை நிறம், சுவாசித்தால் மரணம். ஆதலால் அடிமைகள் அக்காற்றில் முகமூடி அணிந்தே மூச்சுவிட வேண்டும். முக்காலிகளை ஓட்டுபவர் இந்நகரத்து எசமானர்கள். மூன்று கண், மூன்று கால், மூன்று நீள்கை உடையவர். நாட்டின் வலிமை மிக்க இளைஞர் போட்டியில் வென்று இவ்வூழியத்துக்கு மனமுவந்து வருகின்றனர். குறுகிய காலத்தில் உடல் தேய்ந்து, மகிழ்ச்சியான விடுதலை என்று பெயரிட்ட இடத்துக்குத் தாமே நடந்து சென்று மாள்கின்றனர்.

வில்லின் எசமானன் கொடியவனல்லன். அவனைத் தடவிக்கொடுக்கிறான்; தன் மனத்திலுள்ளதைச் சொல்கிறான். அவ்வாறு சொல்கையில்தான், பூமியின் காற்று முழுவதையுமே தம் காற்றாக மாற்றும் எந்திரங்கள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன, வந்தால் மனிதன் முதல் புல் வரை எதுவும் எஞ்சாது என்னும் செய்தி வெளிப்படுகிறது. தன் செல்லப் பிராணிக்காக எசமானன் வருந்தவும் செய்கிறான். அந்நகரத்துக் காட்சிக்கூடத்தில் எலுவாசை வில் மறுபடி காண்கிறான். பட்டாம்பூச்சியைக் குத்தி வைப்பதுபோல், உயிர் நீக்கி, அழகு கெடாமல் வைத்திருக்கின்றனர். பெண்ணை அழகுப் பொருளாக மதிப்பதன் முடிவு இதுவென்று ஆசிரியர் நன்றாகவே காட்டிவிட்டார். ஆனால் அவரே ஒரு குறை செய்தார். மூன்று நூல்களிலும் போராடுவோர் ஆண்மக்களே. மலையிலிருந்து புறப்படும் வீரருள் ஒரு பெண்ணாவது கண்ணில் படக்கூடாதா? தொப்பியைக் கழற்றச் சொல்லும் நூலிலும் ஒரு பழைய தொப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியவில்லை.

நிற்க. முகமூடியைப் பற்றிப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தோம். பெயர் வேண்டா. களைக்கொல்லி அடிக்கும் பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்து நாளெல்லாம் வரிசை வரிசையாக நடப்பார்கள். அவர்களுக்கு மாதந்தோறும் முகமூடியும் கையுறையும் கொடுக்க வேண்டும். சாமான் அறையில் இருந்தவை எட்டு முகமூடிகள். வேலை செய்தவர் இருபதின்மருக்கு மேல். சோதனைக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மேலிடத்தில் இருந்தவர் நம்மைப் பார்த்து, “வழக்கம்போல் எழுதிவிடுங்கள்” என்றார். அதட்டவில்லை, புன்னகையோடுதான் சொன்னார். நாமும் எழுதினோம். எல்லார்க்கும் கொடுத்ததாக ஏட்டில் ஏற்றி, பெண்களை வரிசையாக அழைத்துக் கையொப்பமும் வாங்கினோம். எழுத்து அழகாக இருந்தது. அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மையார் கையொப்பமிட்டுவிட்டு, “கிராணி ஐயா, முகமூடி எப்போது வரும்?” என்று கேட்டார். “வரும் அக்கா” என்றோம். நாம் அங்கே இருந்தவரை வரவில்லை. அவ்வம்மையாருக்கு இருமல் இருந்தது. அது மருந்தால் வந்ததா, வேறெதனால் வந்ததா என்பதை மருத்துவர்தாம் சொல்ல முடியும். ஆனால் ஏட்டில் இருந்த பொய் யாரால் வந்தது என்பதற்கு மருத்துவர் தேவையில்லை.

மறுநாள் மாலை இதைச் சிறுவனிடம் சொன்னோம். ஏன் சொன்னோமென்று இப்போதும் தெரியவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு அவன் கேட்டான்:

“மாட்டேன் என்று சொல்லியிருந்தால் உங்களை என்ன செய்திருப்பார்கள், சித்தப்பா?”

“தெரியாது. சொல்லிப் பார்க்கவில்லை.”

“சொல்லத் தோன்றியதா?”

தோன்றவில்லை. அதுதான் உண்மை. அச்சத்தால் அடங்கியிருந்தால் அதில் ஒரு பெருமையாவது இருக்கும். உள்ளே ஒருவன் எதிர்த்தான், வெளியே ஒருவன் பணிந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். நமக்குள் எவனும் எதிர்க்கவில்லை. அன்றிரவே வீட்டுக்கு வந்து, மூடப்பழக்கங்களைச் சாடும் கட்டுரையொன்றை மிக்க ஊக்கத்தோடு நாம் எழுதியிருக்கவும் கூடும். ஜாக்குக்குக் கேள்விகள் மறைந்ததுபோல் நமக்கும் அந்த ஒரு கேள்வி மறைந்திருந்தது. உத்தியோக வீடு, மாதச் சம்பளம், “கிராணி ஐயா” என்னும் மரியாதை இவையெல்லாம் நம் சிவந்த கோபுரம். எந்த முக்காலியும் வந்து நம்மைத் தூக்கவில்லை. நாமே நடந்து போனோம்.

“படித்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும் என்றாயே, என்ன அது?” என்று கேட்டோம். “உங்களுக்குத் தொப்பி இருக்கிறதா என்று கேட்கத்தான் நினைத்தேன். பாட்டிக்கும் அப்பாவுக்கும் இருப்பதாகச் சொன்னீர்கள். உங்களைப் பற்றிச் சொல்லவில்லையே” என்றான்.

பிறர் தலையிலுள்ள தொப்பி நம் கண்ணுக்கு எளிதில் தெரிகிறது. நம் தலையிலுள்ளதைக் காண நமக்குக் கண் இல்லை. சீர்திருத்தம் பேசும் நாம் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். தந்தை பெரியார் 1929 ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து பேசிய நாள் முதல் பகுத்தறிவு, சுயமரியாதை என்னும் சொற்கள் நம் மேடைகளில் ஓயவில்லை. சொல் பழகிப்போனால் அதுவும் ஒரு தொப்பியாகிவிடும்; சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று உறங்க வைத்துவிடும்.

இன்னொரு செய்தியும் இங்கே எண்ணத்தக்கது. இத்தொப்பிகள் முதலில் எப்படி உலகின் தலையில் ஏறின? இருபது ஆண்டுகள் கழித்து, 1988 இல், கிறிஸ்டோபர் அதற்கு விடையாக ‘முக்காலிகள் வந்தபோது’ என்னும் முன்கதையை எழுதினார். பீரங்கிக்கு முன் முக்காலிகள் நிற்கவில்லை. ஆதலால் பகைவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியே மனத்தை மயக்கினர். மக்கள் விரும்பிப் பார்த்தனர். பார்த்தவர் முக்காலிகளை வாழ்த்தலாயினர். பின் தொப்பி வந்தபோது கைநீட்டி வாங்கிக்கொண்டனர். இன்று கைப்பேசியைக் கண்ணெடுக்காமல் நோக்கும் நம் வீடுகளில் இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாம் நூல் போர். இங்கே ஒரு வேடிக்கை. எசமானர்களை வீழ்த்தும் பொருள் எதுவென்று மலைவாசிகள் தேடித் தேடிக் களைக்கையில், தற்செயலாகத் தெரியவருகிறது: மதுச்சத்து! ஒரு சொட்டு உள்ளே சென்றாலும் அவர்கள் உணர்விழந்து விழுவர். நகரத்துக் குடிநீரில் அதைக் கலந்து, நகருக்கு ஆற்றல் தரும் நெருப்புக் குளத்தை அணைக்கின்றனர். கள்ளுக்கடையால் தோட்டத்துத் தமிழர் எத்தனை தலைமுறை அழிந்தார்கள் என்பதை அறிந்த நமக்கு, உலகிலேயே மதுவால் விளைந்த ஒரே நன்மை இக்கதையில்தான் இருக்கிறதோ என்று தோன்றிற்று. எதிரிக்கு ஊற்ற வேண்டியதை நாமே குடித்தோம் போலும்.

மூன்று நகரங்களுள் இரண்டு அவ்வாறு வீழ்கின்றன. பனாமாவில் இருந்த மூன்றாவது வீழவில்லை. ஆவியையும் காற்றையும் பற்றி அவரைக்கொடிக் கம்பன் கேட்ட கேள்விகள் அப்போது பயன்படுகின்றன. எந்திர விமானங்கள் தோற்ற இடத்துக்குக் காற்றுக்கூண்டுகளில் ஏறிச் செல்கின்றனர். குண்டுகள் நகரத்தின் கண்ணாடிக் கூரையில் நில்லாது உருண்டுவிடுகின்றன. அப்போது ஹென்றி, வில் ஒரு காலத்தில் வெறுத்த அதே ஹென்றி, கூரைமேல் குதித்துக் குண்டைத் தன் கைகளால் பிடித்து நிறுத்தி உயிர் விடுகிறான். நகரம் அழிகிறது. உலகெங்கும் தொப்பிகள் வலிமை இழக்கின்றன.

சிறுவர் கதையென்றால் இங்கே முடித்திருக்கலாம். கிறிஸ்டோபர் முடிக்கவில்லை. விடுதலை பெற்ற நாடுகளெல்லாம் ஒரு மாநாடு கூட்டுகின்றன. பொதுப் பகைவன் ஒழிந்தவுடன் நாட்டுக்கு நாடு பொறாமை, எல்லைச் சச்சரவு, கூச்சல். போராட்டத்தை நடத்திய முதியவர் ஜூலியஸ் ஒதுக்கப்படுகிறார். மாநாடு கலைகிறது. தொப்பி இருந்த காலத்தில் உலகில் போர் இல்லை, பெரும் பஞ்சம் இல்லை என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. தொப்பி கழன்றதும் பழைய நோய்கள் திரும்புகின்றன. அப்படியானால் கழற்றியது தவறா?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. “துரை காலத்தில் ஒழுங்கு இருந்தது; அரிசி வந்தது; லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை; கோயில் திருவிழாவுக்குத் துரையே பணம் கொடுத்தார்” என்று நம் முதியோர் பேசக் கேட்டு வளர்ந்தோம். அவர்கள் சொல்வது பொய்யன்று. வேர்ட்டன் மக்களும் இதையே சொல்வார்கள். ஆனால் எசமானன் உள்ளத்தில் இருந்த திட்டம் வேர்ட்டனுக்குத் தெரியாது. அமைதியாயிருந்த அந்த ஊர்களுக்கு நான்கே ஆண்டுகளில் மூச்சுவிடக் காற்றே இருந்திராது. கேட்காதவனுக்குக் கிடைக்கும் அமைதி, கொடுப்பவன் விரும்பும்வரைதான் நிலைக்கும். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், லயங்களைக் காலி செய்யச் சொன்னபோதும் நம்மவர் இதைக் கண்டனர். வில்லும் பிரிட்சும் அவரைக்கொடிக் கம்பனும் சோர்ந்துவிடவில்லை. தத்தம் ஆசைகளை ஒதுக்கிவிட்டு, மனிதரை ஒன்றுபடுத்தும் வேலைக்குத் தம் வாழ்நாளைக் கொடுப்பதென்று முடிவு செய்கின்றனர். வெற்றி கிட்டுமென்று ஆசிரியர் உறுதி தரவில்லை. கதை அங்கே நிற்கிறது.

விடுமுறை முடிந்து சிறுவன் புறப்படும் நாளில், “தைப்பூசத்துக்கு என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டோம். “பாட்டி எனக்காக அழுது நேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்காக முடியிறக்கிக்கொள்கிறேன். காவடி எடுக்க மாட்டேன். இரண்டையும் அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன்” என்றான். “அப்பா என்ன சொன்னார்?” “யோசித்துச் சொன்னாயா என்று கேட்டார். ஆம் என்றேன். சரி என்றார்.”

உண்மையைச் சொன்னால், நமக்கு அவன் முடிவு முழுமையாகப் பிடிக்கவில்லை. முடியும் இறக்கக்கூடாது என்பது நம் கொள்கை. ஆயினும் நம் சொற்பொழிவை அவன் அப்படியே ஒப்பித்திருந்தால், பாட்டியின் தொப்பியைக் கழற்றிவிட்டு நம் தொப்பியை அணிந்தவனாவான். அவன் தன் தலையால் எண்ணினான். அவன் தந்தையும் கேட்டார். நாம் மூடநம்பிக்கையர் என்று தள்ளிய தமையனார் தம் பிள்ளையிடம், “யோசித்தாயா?” என்று ஒரு சொல் கேட்டார், பகுத்தறிவு பேசிய நாமோ அத்தனை இரவுகளில் ஒருமுறையும் அதைக் கேட்கவில்லை.

இப்போதிருக்கும் தோட்டத்திலும் நம் மேசைமேல் அதே போன்ற ஏடு உண்டு. சென்ற மாதம் உள்ளபடி தொகையை எழுதினோம்: வேலை செய்வோர் பதினெண்மர், முகமூடி பதினொன்று. ஏட்டைப் பார்த்தவர் முகம் சுளித்தார், “இதை இப்படியே அனுப்புவதா?” என்றார். “ஆம் ஐயா” என்றோம். நா உலர்ந்திருந்தது. வானம் இடிந்து விழவில்லை. நான்கு முகமூடிகள் வந்தன; மற்றவை அடுத்த மாதம் என்கிறார்கள். இது பெருவெற்றியன்று. இன்னும் மூவருக்கு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய தோட்டத்து அம்மையாருக்கு நாம் சொன்ன “வரும் அக்கா” என்னும் சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இம்மூன்று நூல்களையும் வாங்கிக் கொடுங்கள். பதினான்கு வயதுக்கு முன்னரே கொடுத்தால் நன்று. கொடுத்துவிட்டு, பிள்ளை படித்த பின் அவன் கேட்பதற்கு விடை சொல்ல ஆயத்தமாக இருங்கள். அவன் முதலில் கேட்பது முக்காலியைப் பற்றியன்று. உங்கள் தலையைப் பற்றி.